ஜெர்மனிக்குக் கிளம்புறவங்களுக்கு: அந்த கெஸ்ட் வைஃபையை நம்பி 960 யூரோ விட்ட கதை

லீவில் வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் செப்டம்பரில் ஜெர்மனிக்குக் கிளம்பும் மூன்று பேர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு தம்பி விஐடியில் படித்து முடித்தவர், மற்ற இரண்டு பேரும் ராணிப்பேட்டை பக்கம், வேலைக்குப் போகிறவர்கள். மூன்று பேர் பெட்டியிலும் ஸ்மார்ட் பல்ப் இருக்கிறது! ஆஃபரில் போட்டானாம். அங்கே அது என்ன பாடு படுத்தும் என்பதையே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆபீஸ் வேலைகள், வேகமாக. குடி போன 14 நாளுக்குள் நகராட்சியில் விலாசம் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள், அதற்கு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். வரி எண் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தபால்காரர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார், நம்ம ஊர் மாதிரி டீக்கடையில் விசாரித்துக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு லெட்டர் வரும். சண்டை போடாமல் கட்டிவிடுங்கள். இதற்கெல்லாம் வீடியோ நிறைய இருக்கிறது.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

இங்கே நெட் போனால் கேபிள்கார அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் போதும், சாயந்திரம் ஏணியோடு வந்து நிற்பார். அங்கே கனெக்‌ஷன் கேட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடி கிடைத்தது. கீழே ஓனர் பாட்டி, எழுபது வயது, நல்ல மனுஷி. "உனக்கு நெட் வரும் வரைக்கும் என் கெஸ்ட் வைஃபையை உபயோகித்துக்கொள்" என்று ஒரு துண்டுத் தாளில் பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்தார். கெஸ்ட் என்றால், அதே ரவுட்டரில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று தனிப் பெயரில் விடுகிற வைஃபை. அந்தத் தாளிலேயே ஒரு மணி நேரம் போச்சு. அவர்கள் கையெழுத்தில் 1 என்பது நம்ம 7 மாதிரி இருக்கும், மேலே நீளமாக ஒரு கோடு இழுத்து விடுவார்கள். அவர்கள் 7 போட்டால் நடுவில் குறுக்கே ஒரு வெட்டு இருக்கும். வெட்டு இல்லாத 7 எல்லாம் 1 என்று புரிய எனக்கு ராத்திரி பத்து மணி ஆனது.

மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அதற்காகக் குழந்தை ரூமுக்கு ஒரு கேமரா, ஒரு ஸ்மார்ட் பிளக், அம்மாவை வீடியோ காலில் டிவியில் பெரிசாகப் பார்க்க டிவியில் செருகுகிற ஒரு ஸ்டிக், எல்லாம் அங்கேயே வாங்கினேன். ஊரிலிருந்து கொண்டுபோன இரண்டு பல்பும் இருந்தது. அது ஹோல்டரிலேயே ஏறவில்லை, நம்முடையது இரண்டு பக்கம் முனை வைத்த பி22, அவர்களுடையது திருகுகிற ஈ27. நம்ம ஊர் ஸ்மார்ட் பிளக்கும் அவர்கள் சுவரில் போகாது. பெட்டியில் அந்த இடத்தில் புளி வையுங்கள்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. பிளக் விளக்கு படபடவென்று மின்னுகிறது, ஆப்பில் வட்டம் சுற்றுகிறது, கடைசி வரைக்கும் போய் "சாதனம் கிடைக்கவில்லை". இரண்டு நாள் கழித்து பிளக் வேலை செய்தது. பெரும்பாலான பிளக், பல்புக்கெல்லாம் வைஃபையின் இரண்டு அலைவரிசையில் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணிலேயே படாது, நான் ரவுட்டருக்கு அருகில் கீழ்ப் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தபோது போன் 5-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது. சரி, இது தீர்ந்தது. டிவி ஸ்டிக் மட்டும் தீரவே இல்லை. போனிலும் சிக்னல் முழுசு, டிவியிலும் முழுசு, இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஆனால் போனுக்கு டிவி தெரியவில்லை. நம்ம பாலாறு கணக்காக, மேப்பில் பார்த்தால் அகலமாக ஓடும், இறங்கிப் பார்த்தால் மணல்.

பாட்டி வீட்டு நெட் பழசு, அதனால்தான் இப்படி என்று நானே முடிவு கட்டினேன். சனிக்கிழமை ஒரு கடைக்குப் போய், மாதம் 40 யூரோ, 24 மாதம், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். 960 யூரோ. ஆன்லைனில் போட்ட ஒப்பந்தமென்றால் 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்லிவிடலாம், கடையில் நேரில் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி அந்த உரிமை கிடையாது. இதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஐந்து வாரம் கழித்து லைன் வந்தது. ஆபீஸ் நண்பன் ஒருவன் "ஸ்மார்ட் சாமானெல்லாம் கெஸ்ட்டில் போடு, அதுதான் பாதுகாப்பு" என்றான். போட்டேன். போனை மெயின் வைஃபையில் வைத்தேன். டிவி மறுபடியும் தெரியவில்லை. புது லைன், புது ரவுட்டர், அதே வியாதி.

அன்றைக்கு அப்பாவிடம் போனில் புலம்பினேன். அப்பா சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே ஒரு லாட்ஜில் இருபது வருஷம் மேனேஜர், கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களை எல்லாம் பார்த்தவர், வைஃபை பற்றி ஒன்றும் தெரியாது. "இன்னாடா சொல்ற, ரெண்டும் ஒரே ஊட்லதானே கீது?" என்றார். ஒரே வீடுதான்பா, ஆனால் அது கெஸ்ட் என்றேன். "கெஸ்ட்டுன்னா ரூம் கதவ தொறந்து ரோட்டுக்குப் போலாம், பக்கத்து ரூம் கதவத் தட்ட வுடுவனா நானு?" என்று சிரித்தார்.

அவ்வளவுதான் விஷயம். கெஸ்ட் நெட்வொர்க்கை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அதில் இருக்கிற ஒவ்வொன்றும் இன்டர்நெட்டுக்குப் போகலாம், ஒன்றையொன்று பார்க்கக் கூடாது, மெயின் பக்கமும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிளக் வேலை செய்ததற்குக் காரணம், போனிலிருந்து கட்டளை வெளியே கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. டிவி ஸ்டிக்கும் பிரிண்டரும் வீட்டுக்குள்ளேயே ஒன்றையொன்று கூப்பிட்டுத் தேடும், அந்தக் கூப்பாடு கதவைத் தாண்டாது.

உங்களுக்கு வந்தால் இப்படிப் பாருங்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறங்கள். பிளக் அணைந்து எரிந்தால் பிளக்கில் கோளாறு இல்லை. ஸ்டிக்குக்கு, இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டையும் அதில் சேருங்கள். அங்கே ஓடினால் குற்றவாளி கெஸ்ட்தான். இன்னொன்று, அங்கே நிறைய வீடுகளில் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர்தான் இருக்கும், வைஃபை விவரத்தில் உங்கள் போனின் ஐபி எண்ணைப் பாருங்கள், ரவுட்டர் செட்டிங்கை வாங்கியபடியே விட்டிருந்தால் 192.168.178 என்று ஆரம்பிப்பது மெயின், 192.168.179 என்றால் கெஸ்ட். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். தமிழ் சேனலுக்காக போட்ட விபிஎன்னையும் (நெட்டை வேறு ஊர் சர்வர் வழியாகச் சுற்றிவிடும் ஆப்) அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

தீர்வு, ஓனரிடம் வாயைத் திறந்து கேட்பதுதான். கெஸ்ட் செட்டிங்கில் அதில் சேர்ந்த சாதனங்கள் ஒன்றோடொன்று பேசலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். போனும் ஸ்டிக்கும் இரண்டுமே கெஸ்ட்டில் இருந்தால் அது போதும். பிரவுசிங்கும் மெயிலும் மட்டும் அனுமதி என்று ஒரு கட்டுப்பாடும் இருக்கலாம், கேமரா அதில் மாட்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக அணையும் டைமர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன், ஓசி நெட்டில் அதிகப்பிரசங்கித்தனமா என்று. பிறகு ஒருநாள் டீ குடிக்கையில் பாட்டியிடம் சொன்னேன், "முன்பே சொல்லியிருந்தால் என் பேரன் ஒரு நிமிஷத்தில் செய்திருப்பானே" என்றார். எனக்கு டீ இறங்கவில்லை.

ஓனர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் டிராவல் ரவுட்டர் என்று சின்னதாக ஒன்று விற்கிறது. அது ஒரு ஆளாக கெஸ்ட்டில் சேர்ந்துகொண்டு, பின்னால் உங்களுக்கென்று தனி வைஃபை கொடுக்கும், உங்கள் சாமான் எல்லாம் ஒரே ரூமில் இருந்த மாதிரி. ஓனரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். படிக்கப் போகும் தம்பிகள் கவனிக்க, யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கேட்கிற பல்கலைக்கழக வைஃபையில் பல்ப் சேராது, நிபந்தனைப் பக்கத்தில் 'சரி' அழுத்தச் சொல்லும் வைஃபையிலும் சேராது, பல்புக்கு விரல் இல்லை. விடுதியில் சொந்த ரவுட்டர் வைக்கலாமா என்று முதலில் விசாரியுங்கள்.

அந்த இரண்டு பி22 பல்பையும் இந்த முறை திருப்பிக் கொண்டுவந்து இங்கே ஹாலில் மாட்டிவிட்டேன். அப்பா ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார், காலையில் போனை நீட்டி "ஆஃப்லைன்னு காட்டுதுடா, இன்னா கோளாறு பாரு" என்கிறார்.