மூக்குல ரத்தம் வந்தா சூடுன்னு சொல்லிட்டு விட்டுடாதீங்க

இத படிக்கிற நேரத்துல வீட்ல யாருக்காவது மூக்குல ரத்தம் ஓடிட்டு இருந்தா மிச்சத்த அப்புறம் படிச்சிக்கலாம், முதல்ல ஆள நாற்காலியில நிமிர்ந்து உட்கார வைங்க, தலைய கொஞ்சம் முன்னால குனிய சொல்லுங்க, மூக்குத்தி போடுற இடம் இருக்குல்ல அந்த மெத்துன்னு இருக்கிற பகுதி, ரெண்டு பக்கத்தையும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சி நல்லா சேர்த்து அழுத்தி பிடிங்க. வாயால மூச்சு விட சொல்லுங்க. 10 நிமிஷம் கைய எடுக்கவே கூடாது.

நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரில ரொம்ப வருஷம் டிரெஸ்ஸரா, அதாவது மருத்துவ உதவியாளரா இருந்தவன். காய்ச்சல், வெட்டுக்காயம், பாம்புக்கடி எல்லாத்துக்கும் லயத்து சனங்க, அதாவது எஸ்டேட் வரிசை வீட்ல இருக்கிறவங்க, முதல்ல நம்மகிட்டதான் ஓடி வருவாங்க. மூக்குல ரத்தம்னு வந்தவங்கள்ல முக்கால்வாசி பேரு தலைய அண்ணாந்துகிட்டுதான் வருவாங்க, பாட்டிங்க அப்படித்தான் பிடிச்சி விட்ருப்பாங்க. அது தப்புங்க. அண்ணாந்தா ரத்தம் நிக்கிறது இல்ல, தொண்டை வழியா வயித்துக்குள்ள போயிடுது, கொஞ்ச நேரத்துல பிள்ளை குபுக்குன்னு கறுப்பா வாந்தி எடுக்கும், அத பாத்து அம்மா மயங்கி விழுவாங்க. படுக்க வைக்கிறதும் அதே கதைதான். வாயில வர்ற ரத்தத்த முழுங்காம ஒரு பாத்திரத்துல துப்ப சொல்லுங்க, எவ்வளவு போச்சுன்னும் அப்பதான் தெரியும்.

அந்த 10 நிமிஷம்னு சொன்னேன் பாருங்க, அதுலதான் எல்லாரும் தோத்துடுறாங்க. அரை நிமிஷம் பிடிக்கிறது, நின்னுச்சான்னு எடுத்து பாக்குறது, திரும்ப பிடிக்கிறது, இப்படி பண்ணா உறைய ஆரம்பிச்ச ரத்தம் ஒவ்வொரு தடவையும் கலைஞ்சிடும். போன்ல டைமர் வச்சிடுங்க, இல்லன்னா மின்னல் எஃப்எம் போட்டு விட்டு மூணு பாட்டு முடியிற வரைக்கும் பிடிங்க. நிறைய பேரு மூக்குக்கு மேல எலும்ப பிடிச்சிகிட்டு நிப்பாங்க, எலும்ப என்னத்த அழுத்துறது, அங்க பிடிச்சி பிரயோஜனம் இல்ல. மூக்கோட நடுச்சுவர்ல முன்பக்கமா நாலஞ்சு ரத்தக்குழாய் வந்து வலை மாதிரி ஒண்ணா சேர்ற ஒரு இடம் இருக்கு, பத்துக்கு ஒன்பது தடவை ரத்தம் வர்றது அங்கிருந்துதான், மூக்குத்தி இடத்துல அழுத்தினா நேரா அதுமேலதான் அழுத்தம் விழும். ஐஸ் கட்டிய துணில சுத்தி மூக்கு மேல வைக்கலாம், பெரிய பிள்ளைன்னா வாயிலயும் ஐஸ் சப்ப கொடுக்கலாம், ஆனா அது கூடுதல் உதவிதான், பிடிக்கிறதுக்கு பதிலா இல்ல. வெத்தலைய சுருட்டி மூக்குல சொருகுறது நம்ம ஊர்ல தமிழர் வீட்லயும் இருக்கு மலாய்க்காரங்க வீட்லயும் இருக்கு. பெரியவங்க நம்பிக்கைய நான் குறை சொல்ல வரல, ஆனா இலையோ திஸ்ஸுவோ உள்ள வச்சா எடுக்கும்போது காய்ஞ்ச பக்கோட சேத்து பிச்சிகிட்டு வரும், திரும்பவும் ஓட ஆரம்பிச்சிடும்.

10 நிமிஷம் ஆகியும் நிக்கலன்னா இன்னொரு 10 நிமிஷம். அப்பவும் நிக்கலன்னா கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு, பிடிச்ச கைய எடுக்காமலே. கொடகொடன்னு கொட்டுது, மூச்சு விட முடியல, தலை சுத்துது, ஆள் வெளுத்துப்போயிட்டாரு, மோட்டர்ல விழுந்து மண்டையில அடிபட்டு வருதுன்னா 20 நிமிஷம் வரைக்கும் காத்திருக்க வேணாம், ஆம்புலன்ஸுக்கு 999 அடிங்க. மூக்க பிடிச்சிருந்தும் பின்னால தொண்டையில ரத்தம் இறங்கிட்டே இருந்தா அது பின்பக்க குழாய், பெரும்பாலும் வயசானவங்களுக்கு வரும், வீட்ல நிறுத்தவே முடியாது. ரெண்டு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு மூக்குல ரத்தம் வந்தா, அது நின்னுட்டாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நின்ன பிறகு ஒரு நாளைக்கு மூக்கு சிந்தக்கூடாது, நோண்டக்கூடாது, சூடா கோப்பி தே எதுவும் வேணாம், ஆறினப்புறம் குடிக்கலாம். குனிஞ்சி பாரம் தூக்குற வேலை, முக்கியமா பாமாயில் பழக்குலை தூக்குறவங்க, அன்னிக்கும் மறுநாளும் லீவு கேளுங்க. ராத்திரி தலகாணி ரெண்டு வச்சி படுங்க.

இப்ப ஏன் வருதுன்னு பாப்போம். லயத்துல கேட்டா ஒரே பதில்தான், "உடம்பு சூடு, இளநி குடி". இளநி குடிங்க, நல்லதுதான், ஆனா சூடுங்கிற ஒரே வார்த்தைல எத்தனையோ காரணம் மறைஞ்சி போயிடுது.

பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் விரல்தான் காரணம். நகத்த ஒட்ட வெட்டுங்க. அடுத்து வறட்சி. இப்ப லயத்த விட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறினப்புறம் ராத்திரி பூரா ஏர்கோன் ஓடுது, மூக்கு உள்ள காய்ஞ்சி பக்கு கட்டி வெடிக்குது, மூக்கு நுனி உள்பக்கமா கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க, ஆழமா வேணாம், பார்மசில உப்புத்தண்ணி ஸ்ப்ரே கிடைக்கும் அதுவும் நல்லது. ரெஸ்டுங், அதாவது மூக்கு அலர்ஜி இருக்கிறவங்க காலைல எழுந்ததும் பத்து தும்மல், மூக்க தேய்ச்சிகிட்டே இருப்பாங்க, அவங்களுக்கும் வரும், டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேய நடுச்சுவர் பக்கமா அடிச்சாலும் வரும், வெளிப்பக்கமா, அதாவது கண்ணு பக்கமா சாய்ச்சி அடிக்கணும். புகைமூட்டம் நேரத்துல கேக்கவே வேணாம். 2013ல மூவார் பக்கம் காத்துத் தூய்மைக்கேட்டு குறியீடு 700க்கு மேல போய் அவசரநிலையே அறிவிச்சாங்க, 2015லயும் 2019லயும் பள்ளிக்கூடம் மூடுனாங்க, அந்த மாதிரி நாள்ல பிள்ளைங்கள திடல்ல விளையாட விடாதீங்க.

ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தத்தோட சளியும் ரத்தமும் வந்தா பிள்ளை உள்ள எதையோ போட்ருக்குன்னு அர்த்தம், பாசிமணி, ரப்பர் துண்டு, கச்சான் கொட்டை எல்லாம் நான் எடுத்திருக்கேன். பட்டன் பேட்டரி போட்டுச்சின்னு சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி, சில மணி நேரத்துலயே நடுச்சுவர அரிச்சி ஓட்டை போட்டுடும். இன்னொண்ணு எஸ்டேட் பிள்ளைங்களுக்குன்னே உள்ளது, ஆத்துல ஓடைல குளிக்கும்போது குட்டி அட்டை மூக்குல ஏறிடும், நாள் கணக்கா விட்டு விட்டு ரத்தம், உள்ள என்னமோ ஊருதுன்னு பிள்ளை சொல்லும். பிள்ளை பேச்ச நம்புங்க. நீங்களே ஊக்கு விட்டு எடுக்காதீங்க.

இப்ப நான் மனசுல சுமந்துகிட்டு இருக்கிறத சொல்றேன். மருந்தடிக்கிற வேலைக்கு போன அக்காமாருங்க. முதுகுல தொட்டி, மூஞ்சில ஒரு துணி, அவ்ளோதான். சாயங்காலம் வருவாங்க, "டிரெஸ்ஸர் ஐயா, மூக்குல ரத்தம் வருது, சூடு போல"ம்பாங்க. நானும் ஆரம்பத்துல சூடுன்னுதான் நெனச்சேன், மாத்திரை கொடுத்து மறுநாள் வேலைக்கு அனுப்பி வச்சேன். அது சூடு இல்லங்க, பாராகுவாட். அந்த களைக்கொல்லி தூறல் மூக்குக்குள்ள பட்டா உள்தோல் வெந்து புண்ணாகி ரத்தம் வரும், நகமும் கறுத்து பேந்து வரும். நம்ம நாட்ல 2002ல தடை போட்டாங்க, 2006ல தளர்த்திட்டாங்க, 2020 ஜனவரி 1ல இருந்துதான் முழுசா தடை. அந்த அக்காமாருங்கள நான் ஒரு வாரம் அந்த வேலைல இருந்து நிறுத்தி வச்சி பாத்திருக்கணும், வேலை நாள்ல மட்டும் ரத்தம் வருதா லீவு நாள்ல நிக்குதான்னு கேட்டிருக்கணும். இப்பவும் வேற மருந்து அடிக்கிறவங்க இருக்காங்க, அடிச்ச நாள்ல மூக்கு எரியுது ரத்தம் வருதுன்னா டாக்டர்கிட்ட என்ன மருந்து அடிக்கிறீங்கன்னு பேரோட சொல்லுங்க, முடிஞ்சா போத்தல் லேபிள போன்ல படம் எடுத்துக்குங்க. காத்துக்கு எதிரா அடிக்காதீங்க, துணி போதாது, சரியான முகக்கவசம் கேட்டு வாங்குங்க.

காய்ச்சலோட ரத்தம் வந்தா டெங்கிய நினைங்க. டெங்கில பெரும்பாலும் மூணாம் நாளுக்கு மேல காய்ச்சல் இறங்குற நேரம்தான் ஆபத்தான நேரம், ஆனா வீட்ல எல்லாரும் "அப்பாடா காய்ச்சல் விட்டுச்சி"ன்னு நிம்மதியா இருப்பாங்க. மூக்குலயோ பல் ஈறுலயோ ரத்தம், வயித்துவலி, விடாத வாந்தி, பிள்ளை துவண்டு கிடக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க. பப்பாளி இலைச் சாறு கொடுத்துட்டு விடியட்டும்னு இருக்காதீங்க. காய்ச்சலுக்கு பனடோல் (பாராசிட்டமால்) மட்டும்தான், ஆஸ்பிரின் வேணாம், புரூஃபென் வேணாம், ரெண்டும் ரத்தப்போக்க கூட்டிடும்.

வயசானவங்களுக்கு வந்தா உடனே "பிரஷர் ஏறிடுச்சி"ம்பாங்க. பிரஷர் நேரா மூக்க உடைச்சி ரத்தத்த வரவைக்கிறது குறைவு, ஆனா வந்த ரத்தம் நிக்காம இழுக்க அது காரணமாகும், பயத்துலயும் பிரஷர் ஏறும், அதனால ரத்தம் நின்னு கொஞ்சம் அமைதியானப்புறம் பாக்கிறதுதான் சரி. அத விட முக்கியமா அவங்க திங்கிற மாத்திரைய பாருங்க. இருதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுக்கிறவங்களுக்கு சின்ன கீறலும் ரொம்ப நேரம் ஒழுகும். அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, நிறுத்தினா ஸ்ட்ரோக் வந்துடலாம், டாக்டர்தான் ரத்தம் எடுத்து பாத்து அளவ மாத்தணும். ரொம்ப வருஷமா சம்சு (மலிவு சாராயம்) குடிச்சவங்களுக்கு ஈரல் கெட்டு ரத்தம் உறையுற சக்தி குறைஞ்சிருக்கும், அவங்களுக்கு மூக்குல அடிக்கடி ரத்தம் வந்தா ஈரல சோதிக்க சொல்லுங்க.

அடிக்கடி மூக்குல வருது, உடம்புல காரணமில்லாம நீலம் நீலமா கன்றிப்போகுது, மாதவிலக்கு ரொம்ப அதிகமா போகுது, பல் பிடுங்கினா ரத்தம் நிக்கல, குடும்பத்துல மத்தவங்களுக்கும் இப்படின்னா ரத்தம் உறையுறதுல பிறவிக்கோளாறு இருக்கலாம். வெளிறிப்போய் எடை குறைஞ்சி காய்ச்சலும் வந்துகிட்டே இருந்தா தள்ளிப்போடாம ரத்தப் பரிசோதனை. பெரியவங்களுக்கு ஒரே பக்கமா ரத்தம் கலந்த சளி, ஒரு காது அடைச்ச மாதிரி, கழுத்துல வலிக்காத கட்டி, இது மூக்குக்கு பின்னால வர்ற புத்துநோயா இருக்கலாம், நம்ம நாட்ல சீனர்களுக்கும் சரவாக் பிடாயூ மக்களுக்கும் அதிகம்னாலும் நம்மவங்களுக்கும் வராம இல்ல. சீக்கிரம் பாத்தா நல்லா குணமாக்கலாம்.

கிளினிக் கெசிஹத்தான்ல, அதாவது அரசாங்க கிளினிக்ல, ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), அங்க காட்டினா தேவைப்பட்டா ஈப்போவுக்கு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கடிதம் எழுதி அனுப்புவாங்க. போறதுக்கு முன்னால ஒரு தாள்ல எழுதிக்குங்க, எந்த பக்கம் வந்துச்சி, எத்தனை நிமிஷம் பிடிச்சீங்க, இந்த மாசத்துல எத்தனாவது தடவை, காய்ச்சல் இருந்துச்சா, என்ன வேலை செய்றீங்க. சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும், சின்சே (சீன மருத்துவர்) கடைல வாங்கின பொடி, நாட்டு மருந்து உருண்டை உள்பட, ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு கையோட எடுத்துட்டு போங்க.