தறி நிற்கும்போது பேசுங்கள்: கணவன் மனைவிக்கு

பெண்கள்தான் ஓயாமல் பேசுவார்கள் என்பது ஊர்ப்பேச்சு. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவ மாணவியரின் பேச்சைப் பதிவுசெய்து எண்ணிப் பார்த்தார்கள். இரு தரப்பிலும் ஒருவர் நாளொன்றுக்குப் பேசியது சராசரியாக ஏறத்தாழ 16,000 சொற்கள். ஆக, சண்டைக்குக் காரணம் பேச்சின் அளவு அல்ல. பேசுபவர் எதிர்பார்ப்பது ஒன்று, கேட்பவர் கொடுப்பது இன்னொன்று.

சேலத்தில் அம்மாபேட்டை, குகைப் பக்கம் கணவன் மனைவி இருவரும் ஒரே தறிப் பட்டறையில் நிற்கும் குடும்பங்கள் நிறைய. விசைத்தறி ஓடும்போது முக்கியமான பேச்சை எடுக்கவே கூடாது. கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் நல்ல வார்த்தையும் திட்டாகத்தான் காதில் விழும். பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூல், தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நேரம் தோது. தறி நின்றிருக்கும், கண் இழையில் இருக்கும். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாயடைத்துப்போகிற ஆண்கள் பலர், பக்கத்தில் வேலை செய்துகொண்டே கேட்டால் தாமாகச் சொல்வார்கள்.

பேச்சைத் தொடங்கும்போதே வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்: "ஏங்க, வழி எதுவும் சொல்ல வேணாம், முழுசாக் கேளுங்க போதும்." இது இல்லாவிட்டால், நாத்தனார் சொன்ன சொல்லை மனைவி சொல்லி முடிப்பதற்குள் "அப்போ அங்க போகாத" என்று கணவர் முடித்துவிடுவார். அவருக்கு அது உதவி. அவளுக்கு வாயை அடைத்தது போலிருக்கும். கேட்பவர் முடியும்வரை பொறுத்து, "எல்லார் முன்னாடியும் சொன்னதுதான் உனக்கு வலிச்சுது, இல்லம்மா?" என்று ஒரு வரியில் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னாலும் நல்லதே, அவள் திருத்துவாள்.

பணம் பற்றிய பேச்சில் 'ம்' கொட்டலை நம்பாதீர்கள். "கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று மனைவி ம் கொட்டியதை, "சரி" என்று எடுத்துக்கொண்டு கணவர் சீட்டில் சேர்ந்துவிட்டு வருவார். "சேரலாமா, வேணாமா?" என்று வாய்விட்டுக் கேட்டு, பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

சண்டை முற்றினால் நாடியைப் பாருங்கள். நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியிருந்தால் எந்த நியாயமும் ஏறாது. குறைந்தது 20 நிமிடம் விலகியிருங்கள். ஆனால் சொல்லாமல் டீக்கடைக்குப் போய்விடாதீர்கள், அது உதறிவிட்டுப் போனதாகவே படும். "அரை மணியில வர்றேன், பேசலாம்" என்று சொல்லிப் போய், சொன்னபடி திரும்புங்கள். போன இடத்தில் அதே பேச்சை மனதுக்குள் ஓட்டினால் படபடப்பு இறங்காது.

வாய் திறந்தால் அடி விழும் என்கிற வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.