வெயிலோரப் பாத்தியில் ஓரியண்டல் பாப்பி: முதன்முறை நடுபவர்களுக்கு

மே கடைசி வாரத்தில் இங்கிலாந்தின் குடியிருப்புத் தெருக்களில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டின் முன்தோட்டத்தில் செக்கச்செவேலென்று பெரிய பெரிய பூக்கள் கண்ணில் படும். ஒவ்வொன்றும் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலம். இதழ்களின் அடியில் கறுப்புத் திட்டு, நடுவில் கருநீலத் தூள். அதுதான் ஓரியண்டல் பாப்பி. ஒருமுறை சரியான இடத்தில் நட்டுவிட்டால், பத்து வருடத்துக்கு மேலும் அதே இடத்தில் பூத்துக்கொண்டிருக்கும்.

தொடங்குவதற்கு முன் இதன் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். காக்கசஸ் மலைகள், துருக்கியின் வடகிழக்கு, ஈரானின் வடக்குப் பகுதி. அங்கே குளிர்காலத்தில் கடும் பனி, வசந்தத்தில் ஈரம், கோடையில் வறட்சி. அதனால் இந்தச் செடி இலையுதிர்காலத்தில் துளிர்த்து, வசந்தத்தில் வேகமாக வளர்ந்து, கோடை முற்றும்போது மண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லாமல் தூங்கப் போய்விடும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் வருகிறது. குளிர்காலம் இல்லாத தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இது ஒத்துவராது. லண்டன், டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்குத் தாராளமாக வரும்.

இன்னொன்று, "கசகசா கிடைக்குமா?" என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கிடைக்காது. கசகசாவும் அபினும் தருவது ஒரே வருடத்தில் ஆயுள் முடியும் வேறு இனம். இந்தியாவில் அதை அரசு உரிமம் இல்லாமல் பயிரிட முடியாது. ஓரியண்டல் பாப்பி பார்ப்பதற்கு மட்டும்தான். இலை, தண்டு, விதை எதையும் வாயில் வைக்கக் கூடாது. சின்னக் குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டில் இதை மனதில் வைத்து இடம் தேர்ந்தெடுங்கள்.

படி 1: நாற்று வாங்குவது

விதை மலிவு. ஆனால் பெயருள்ள ரகத்தின் விதை தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அடுத்த வருடம்தான் பூவும் வரும். முதல் செடியைத் தொட்டியில் வளர்ந்த நாற்றாக வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை.

நல்ல சிவப்பு வேண்டுமென்றால் 'பியூட்டி ஆஃப் லிவர்மியர்'. வெள்ளையில் கறுப்புத் திட்டு வேண்டுமென்றால் 'ராயல் வெட்டிங்'. 'மிஸஸ் பெர்ரி' மென்மையான இளஞ்சிவப்பு. வெறும் சிவப்பும் ஆரஞ்சுமாக இருந்த கூட்டத்தில் 1906இல் இந்த நிறத்தைக் கவனித்து எடுத்தவர் என்ஃபீல்டில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஏமஸ் பெர்ரி. நாவல்பழச் சாயல் கொண்ட 'பேட்டீஸ் பிளம்' சாமர்செட்டில் ஒரு தோட்டத்து உரக்குவியலில் தானாக முளைத்தது. எனக்கு மிகவும் பிடித்த நிறம் இதுதான், ஆனால் உச்சிவெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

படி 2: இடமும் மண்ணும்

தினம் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். தெற்கு அல்லது மேற்குப் பார்த்த வேலியோரப் பாத்தி அருமை. பாத்தியின் முன்வரிசையில் வைக்காதீர்கள்; நடுவரிசையில் வையுங்கள். ஜூலையில் செடி மறையும்போது முன்னால் இருக்கும் மற்ற செடிகள் அந்த இடைவெளியை மறைத்துக்கொள்ளும்.

இந்தச் செடியைக் கொல்வது பனி அல்ல, குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் தண்ணீர். ஆகவே முதலில் ஒரு சோதனை. 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். திரும்பவும் நிரப்புங்கள். சில மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் வடிகால் போதாது. லண்டன் களிமண்ணில் இது சகஜம். மட்கிய உரமும் பொடிச்சரளையும் கலந்து பாத்தியை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்திவிடுங்கள். களிமண்ணில் மணலை மட்டும் கொட்டினால் இன்னும் இறுகும், அதைச் செய்யாதீர்கள்.

படி 3: நடுவது

வசந்தமோ செப்டம்பரோ, இரண்டும் சரி. செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் விடுங்கள். தொட்டி நாற்றைத் தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். தபாலில் வரும் வெறும் வேராக இருந்தால், குருத்து மண்ணுக்குக் கீழே ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கட்டும்.

வேரைப் பிரித்துவிடவோ உதறவோ வேண்டாம். நீளமான, சதைப்பற்றுள்ள, சட்டென்று ஒடியும் ஆணிவேர் இது. மண்கட்டியோடு அப்படியே இறக்குங்கள். இதே காரணத்தால்தான், நட்ட பிறகு இடம் மாற்றுவதும் இதற்குப் பிடிக்காது. மூடாக்கு போட்டால் குருத்தைச் சுற்றிப் போடுங்கள், அதன் மேல் வேண்டாம்.

படி 4: பூக்கும் வரை

முதல் வருடம், வேர் பிடிக்கும் வரை, மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் மழையே போதும். உரத்தைக் கொட்டாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் இலைதான் பெருக்கும், தண்டு தளர்ந்து சாயும். வசந்தத்தில் ஒரு கை மட்கிய உரம் போதும்.

ஏப்ரலில், செடி முழங்கால் உயரம் வருவதற்கு முன்பே, கிளைத்த குச்சிகளைச் சுற்றிலும் ஊன்றிவிடுங்கள். மே மாத மழை ஒன்று அடித்தால் கனத்த பூக்கள் அப்படியே படுத்துவிடும். விழுந்த பிறகு நிமிர்த்திக் கட்டினால் தண்டு மடங்கிப்போகும்.

மொட்டில் கறுப்பு அசுவினி மொய்த்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போய்விடும். இலையில் மஞ்சள் திட்டும் அதன் அடியில் சாம்பல் பூச்சும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய்; அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குவியலில் போடாதீர்கள்.

மொட்டு விரியும் காலையைத் தவறவிடாதீர்கள். சொரசொரவென்று முடி மூடிய உறை பிளந்து கீழே விழும். உள்ளே பெட்டியில் மடித்து வைத்த பட்டுச்சேலை போல இதழ்கள் கசங்கிச் சுருண்டிருக்கும். வெயில் ஏற ஏறச் சுருக்கம் விட்டு விரியும். உடனே குண்டுத்தேனீ வந்துவிடும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். தேனீ உள்ளே புகுந்து உருண்டு, காலில் கறுப்பு உருண்டைகளோடு வெளியே வரும்.

ஜாடியில் வைக்க ஆசைப்பட்டால், மொட்டு லேசாகப் பிளந்து நிறம் தெரியும்போது வெட்டுங்கள். வெட்டிய முனையில் பால் வடியும். அந்த முனையைச் சில விநாடி தீயில் காட்டிக் கருக்கிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள்.

படி 5: ஜூலை

புதிதாக வளர்ப்பவர்கள் பயப்படுவது இங்கேதான். பூ முடிந்த சில வாரங்களில் இலை மஞ்சளாகி, பழுப்பாகி, முழுச்செடியும் செத்ததுபோல் ஆகிவிடும். சாகவில்லை, தூங்குகிறது. தண்ணீரை ஊற்றி எழுப்பப் பார்க்காதீர்கள்; தோண்டியும் பார்க்காதீர்கள். காய்ந்ததையெல்லாம் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குச்சியை அடையாளமாக நட்டுவையுங்கள். செப்டம்பர் வாக்கில் புது இலைகள் வட்டமாக எழும்பும். குளிர்காலத்தை அந்த இலைகளோடுதான் கழிக்கும்.

அதுவரை அந்த வெற்றிடத்தை என்ன செய்வது? கெர்ட்ரூட் ஜீக்கில் என்ற ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் பாப்பிக்குப் பக்கத்தில் ஜிப்சோஃபிலாவை நட்டார். பாப்பி வாடும் நேரத்தில் அதன் வெள்ளைப் பூக்கள் மேலே படர்ந்து மூடிக்கொள்ளும். நூறு வருடம் தாண்டியும் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. ஆஸ்டர், காஸ்மோஸ், டேலியாவும் சரிதான். பாப்பியின் தலைக்கு மேலே மட்டும் எதையும் நடாதீர்கள்.

படி 6: ஒன்றைப் பலவாக்குவது

மூன்றாம் வருடத்துக்குப் பிறகு, குளிர்காலத்தில், செடியை எடுக்காமல் பக்கவாட்டில் தோண்டி, பென்சில் தடிமனுள்ள வேர் ஒன்றிரண்டை மட்டும் வெட்டுங்கள். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டினால், எது தலை எது கால் என்று குழப்பம் வராது. தலைகீழாக நட்டால் சரியாக முளைக்காது.

சரளை கலந்த மண் நிரப்பிய ஆழமான தொட்டியில், மேல்முனை மண்மட்டத்தில் இருக்குமாறு செங்குத்தாகச் செருகி, மேலே ஒரு சென்டிமீட்டர் பொடிச்சரளை பரப்புங்கள். சூடேற்றாத கண்ணாடிக்கூடு போதும். ஈரம் மிதமாக இருக்கட்டும். வசந்தத்தில் இலை வந்ததும் பிடுங்கி நட அவசரப்படாதீர்கள். இலை முதலில் வரும், புது வேர் பிறகுதான் வரும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த பிறகு பாத்திக்கு மாற்றுங்கள்.