வயதான காலத்தில் வீட்டு லேத்தை என்ன செய்வது?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் வீட்டை ஒட்டி ஷெட் போட்டு லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) ஓட்டியவர்கள் நிறைய. நானும் அப்படித்தான். முழங்கால் வலி வந்தபிறகு, என் நாலரை அடி லேத்துக்கு நானே ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். நான் செய்த வரிசை இதுதான்.

முதலில், கடந்த ஒரு வருஷத்தில் எந்த மெஷினை எத்தனை முறை போட்டீர்கள் என்று எழுதுங்கள். சாணை பிடிக்கும் கிரைண்டரும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் எனக்கு இன்னும் வேண்டியிருந்தன. லேத்தை இரண்டே முறைதான் ஓட்டியிருந்தேன்.

அடுத்து, லேத்தின் பெட்டை, அதாவது மற்ற பாகங்கள் உட்கார்ந்திருக்கும் நீள அடித்தளத்தை, மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெய் விட்டு ஓட்டிப் பாருங்கள். கேரேஜை (வெட்டும் டூலைத் தாங்கி நகரும் பாகம்) கைச்சக்கரத்தைச் சுற்றி, சக் (பொருளைப் பிடித்துச் சுழலும் பாகம்) பக்கமிருந்து மறு கோடியில் இருக்கும் டெயில் ஸ்டாக் வரை கொண்டுபோங்கள். சக் அருகே லூசாகவும் கடைசியில் இறுக்கமாகவும் இருந்தால், அதிகம் வேலை பார்த்த இடத்தில் பெட் தேய்ந்திருக்கிறது. வாங்குபவரிடம் இதை மறைக்காதீர்கள்.

அப்புறம் உதிரிகள். இதுதான் ரொம்ப முக்கியம். சேஞ்ச் கியர்கள் (வெட்டும் மரையின் அளவை மாற்றும் பற்சக்கரங்கள்), நாலு தாடை சக், பேஸ் பிளேட் (சக்குக்குப் பதில் மாட்டும் வட்டத் தகடு), ஸ்டெடி (நீளக் கம்பியைத் தாங்கும் பிடி) எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மேலே பெயிண்டால் எழுதிவையுங்கள். தெரிந்தவர் ஒருவர் காலமானபின், பிள்ளைகள் விவரம் தெரியாமல் கியர்களைத் தனியாகப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அந்த லேத்தை வாங்கிய பையனால் நினைத்த மரை எதுவும் வெட்ட முடியவில்லை. இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

விலைக்கு, வார்ப்பிரும்பு எடைக்கு என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஆனால் மற்றவர்கள் கேட்பதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும், புதிதாக ஜாப் ஒர்க் (கூலிக்குப் பாகம் செய்துதரும் வேலை) தொடங்கும் ஆளுக்கே கொடுங்கள் என்பேன். அவர் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள். ஐடிஐக்கு (தொழிற்பயிற்சி நிலையம்) கொடுக்க நினைத்தால், அந்த நிலையத்தின் முதல்வரிடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள்.

தூக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கை வைக்காதீர்கள். நாலரை அடி லேத்தே அரை டன்னை ஒட்டி வரும். சக்கைச் சுழற்றும் ஹெட் ஸ்டாக் பக்கம் பாரம் அதிகம் என்பதால் கேரேஜையும் டெயில் ஸ்டாக்கையும் மறு கோடிக்குத் தள்ளிப் பூட்டிவிட்டு, செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) தூக்கச் சொல்லுங்கள். கட்டும் கயிறு லீட் ஸ்க்ரூவில் (கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு) அழுத்தினால் அந்தத் திருகு வளைந்துவிடும், இரண்டுக்கும் நடுவில் மரக்கட்டை வையுங்கள்.

சரி, வண்டி கிளம்பியதும் ஷெட்டின் 3 பேஸ் மின் இணைப்பை ஒப்படைக்க மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுங்கள். மோட்டார் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் வந்துகொண்டே இருக்கும்.