மாநில அரசியல்வாதியின் வரலாற்றை எழுதும் முறை: டென்னசியின் ஹாரி பர்ன்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலச் சட்டமன்றம் ஒன்றில் பணியாற்றியவரின் வரலாற்றை எழுத விரும்புவோர், அவருக்குப் புகழ் தந்த ஒரே நாளை முழு வாழ்க்கையாக நீட்டிவிடாமல் இருக்க வேண்டும். ஹாரி பர்ன் இதற்குத் தக்க சான்று. 1920 ஆகஸ்ட் 18 அன்று, 24 வயதில், பெண்களின் வாக்குரிமைக்கான 19-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதரித்து அவர் அளித்த ஒரு வாக்கைத் தவிர வேறெதுவும் பெரும்பாலான நூல்களில் இடம்பெறுவதில்லை.

தொகுதியிலிருந்து தொடங்குங்கள். பர்ன் 1895-இல் மெக்மின் மாவட்டத்து நயோட்டாவில் பிறந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1918-இல் குடியரசுக் கட்சி சார்பில் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தென்மாநிலங்கள் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த காலத்தில், உள்நாட்டுப் போரின்போது பிரிவினையை எதிர்த்த வடமாநிலங்களின் (ஒன்றியத்தின்) பக்கம் சாய்ந்த கிழக்கு டென்னசியின் மலைப்பகுதி குடியரசுக் கட்சியைக் கைவிடவில்லை. இந்தப் பின்னணியைச் சொல்லாமல் விட்டால் வாக்களித்தபின் அவர் அளித்த விளக்கம் புரியாது.

அடுத்து, அவைக் குறிப்பேட்டை வரிவரியாகப் படியுங்கள். இங்கே அவசரம் கூடாது. அன்று 48 மாநிலங்களில் 35 திருத்தத்தை ஏற்றிருந்தன. இன்னும் ஒன்று ஏற்றால் போதும் என்ற நிலையில் டென்னசி மேலவை 25-4 என ஒப்புதல் அளித்திருந்தது. கீழவையில் முதலில் வாக்கெடுப்புக்கு வந்தது திருத்தம் அன்று, அதைக் கிடப்பில் போடும் தீர்மானமே. அது இருமுறையும் 48-48 எனச் சமநிலையில் தோற்றது. எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவை அணிந்திருந்த பர்ன், இருமுறையும் கிடப்பில் போடவே வாக்களித்தார். பின்னர் திருத்தத்தின் மீதே வாக்கெடுப்பு வந்தபோது அவர் ஆதரவு தெரிவிக்க, முடிவு 49-47 என ஆனது. ஆயினும் சில பதிவுகளில் 50-46 என்றிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்: வென்ற தரப்பில் வாக்களித்தவருக்கே கிடைக்கும் மறுபரிசீலனை கோரும் உரிமையைப் பெறுவதற்காக, எதிர்ப்பாளரான சபாநாயகர் சேத் வாக்கர் தம் வாக்கை ஆதரவாக மாற்றிக்கொண்டார். எண்கள் முரண்படும் இடத்தில் அவை விதிகளைப் புரட்டிப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

காரணத்தை எழுதும்போது, அவரே சொன்னதை முழுமையாகச் சொல்லுங்கள். தாய் ஃபெப் பர்ன் எழுதிய கடிதம் அன்று அவர் சட்டைப் பையில் இருந்தது உண்மை. வாக்குரிமைக்கு ஆதரவாக வாக்களிக்கும்படி அதில் அவர் மகனை வேண்டியிருந்தார். ஆனால் தம் மீது லஞ்சக் குற்றச்சாட்டு எழுந்ததால், வாக்கெடுப்புக்கு மறுநாள் பர்ன் அவையில் பதிவு செய்த விளக்கத்தில் தாயின் அறிவுரை பல காரணங்களுள் ஒன்று மட்டுமே. வாக்குரிமை பெண்களின் உரிமை என்ற நம்பிக்கையும், கிழக்கு டென்னசி மலைப்பகுதியின் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரால் இது நிறைவேறியது என்ற பெருமை தம் கட்சிக்குச் சேர வேண்டும் என்ற விருப்பமும் அதில் இருந்தன. கடிதத்தை மட்டும் சொல்வது அவரைத் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளையாகச் சுருக்கி, கணக்குப் போடத் தெரிந்த அரசியல்வாதியை மறைத்துவிடும். அன்று அவர் ஜன்னல் வழியே தப்பி ஓடினார் என்பது போன்ற கதைகளை, அக்காலச் சான்று கிடைத்தாலொழிய, கதை என்றே குறிப்பிடுங்கள்.

பின்வந்த 50-க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கும் உரிய இடம் ஒதுக்குங்கள். அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் வென்று 1923 வரை கீழவையில் இருந்தார்; வழக்கறிஞரானார்; 1930-இல் ஆளுநர் பதவிக்கான கட்சி வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டுத் தோற்றார்; 1949 முதல் மாநில மேலவையிலும், 1953-இல் தொடங்கி மாநில அரசியலமைப்பு மாநாடுகளிலும் பங்கேற்றார்; 1977-இல் காலமானார். ஆகஸ்ட் 18-க்குப் பல பக்கங்கள் தந்துவிட்டு இந்த ஆண்டுகளை ஒரே பத்தியில் முடிப்பது நியாயமாகாது. அந்த மாநாடுகளின் நடவடிக்கைக் குறிப்புகளிலும் அவர் பெயரைத் தேடி, அங்கே அவர் எதை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்பதையும் எழுதுங்கள்.