வழுக்காத அருவியும் மலைக்கோயிலும்: சியாங் மாயில் ஒரு நாள்

குளம் நிரம்பி வான் பாயும்போது வான்கட்டுக் கல்லில் கால் வைத்துப் பாசியில் சறுக்கி விழாதவர்கள் எங்கள் இலங்கை வன்னியில் குறைவு. அதனால்தான், தாய்லாந்தின் வடக்கே சியாங் மாயில் ஓடுகிற அருவிக்குள்ளேயே ஏறலாம் என்று சொன்னபோது என் சித்தி நம்பவில்லை. கடைசியில் எனக்கு முன்னால் ஏறிப் போனது அவர்தான். முதன்முறை போகிறவர்களுக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் மாதம். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்லது. மார்ச், ஏப்ரலில் காடும் வயலும் எரிகிற புகை அந்தப் பக்கத்தையே மூடிவிடும். அப்போது போகாதீர்கள்.

அடுத்தது பதிவு. அந்த அருவியான பூவா தோங், சியாங் மாய் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர். தொய் சுதேப் கோயிலோ மேற்கே மலையில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க, வழிகாட்டியோடு வாகனத்தில் போகும் ஒருநாள் குழுப் பயணத்தைப் பதிவதே சுகம். கோயில் நுழைவுக் கட்டணமும் மதியச் சாப்பாடும் சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள். மச்சம் சாப்பிடாதவர்கள் "ஜே" என்று சொல்ல வேண்டும். வெறுமனே மரக்கறி என்றால் மீன் சோஸ் விழுந்துவிடும்.

பையில் மாற்றுடுப்பு, துவாய், தண்ணீர் புகாத போன் உறை. மாற்றுடுப்பு தோளையும் முழங்காலையும் மூடுவதாக இருக்கட்டும், கோயிலுக்கு அதுதான்.

சரி, அருவி. வாகனம் நிற்பது மேலே. பக்கத்துப் படிகளால் கீழே இறங்கி, அங்கிருந்து தண்ணீருக்குள் மேலே ஏறி வர வேண்டும். செருப்பைக் கழற்றிவிடுங்கள், வெறுங்கால்தான் பிடிக்கும். ஊற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பாறையில் படிந்து படிந்து சொரசொரப்பான ஓடாகியிருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதி. ஆகவே நம் பழக்கத்துக்கு நேர்மாறாக, தண்ணீர் ஓடுகிற வெளிர் நிறப் பாறையில்தான் துணிந்து மிதிக்க வேண்டும். ஓரத்தில் பச்சையாகப் பாசி தெரிகிற இடமும் மரவேரும் வழுக்கும். முதல் பத்து அடி நெஞ்சு படபடக்கும், அப்புறம் கால் தானாகவே நம்பத் தொடங்கும். செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் சாய்த்து ஏறுங்கள். ஏலாதவர்கள் பக்கத்துப் படிக்கட்டால் வரலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

சாப்பிட்டபின் கோயில். மலைப்பாதை வளைவோ வளைவு. ஏ9 வீதியில் நேரே ஓடிப் பழகிய நமக்குச் சத்தி வரலாம், அளவாகச் சாப்பிடுங்கள். இரு பக்கமும் நாகங்கள் நீளும் படிக்கட்டில் 300க்கு மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இழுவை வண்டி உண்டு. புத்தரின் எலும்புத் துண்டைச் சுமந்து வந்த வெள்ளை யானை மலையேறி, மூன்று முறை பிளிறி உயிர்விட்ட இடத்தில் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் என்பது ஐதீகம். உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றி, பொன் தாதுகோபுரத்தை நம் கோயிலில் போலவே வலமாகச் சுற்றுங்கள். உட்காரும்போது பாதம் புத்தர் பக்கம் நீளக் கூடாது.

அங்கே பிள்ளையார் சிலையும் இருக்கிறது. குழுவோடு இறங்கிவிடாமல், வழிகாட்டியிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி அவரையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.