சரியான கடவுச்சொல்லையும் ஏற்காத படிவம்

காசிமேட்டில் படகு எஞ்சின் உதிரிபாகங்கள் விற்கும் கடை ஒன்றுக்கு, இருப்புக் கணக்கு பார்க்கும் இணையச் செயலியைப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதித் தந்தேன். உள்நுழைவுப் படிவம் எளிமையானதுதான்: பயனர்பெயர், கடவுச்சொல், ஒரு பொத்தான். ஆனால் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை.

கோளாறு படிவத்தில் இல்லை, தரவுத்தளத்தில் இருந்தது. கடையில் ஏற்கெனவே இருந்த பழைய மைஎஸ்க்யூஎல் அட்டவணையில் கடவுச்சொல்லுக்கு 50 எழுத்துகளுக்கே இடம். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், ஹேஷ் எனும் திரும்ப மாற்ற முடியாத குறியீடாக்கித்தான் சேமிப்போம். அதைச் செய்யும் பிஎச்பி கட்டளையான 'பாஸ்வேர்ட்_ஹேஷ்' பிகிரிப்ட் முறையில் தருவதோ 60 எழுத்துகள். இடத்தை மீறும் தரவை ஏற்க மறுக்கும் மைஎஸ்க்யூஎல்லின் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்ததால், மிச்சம் பத்தையும் சர்வர் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. வால் அறுந்த ஹேஷை, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் 'பாஸ்வேர்ட்_வெரிஃபை' கட்டளை எப்படி ஏற்கும்? இடத்தை 255 ஆக்கினேன். வெட்டுப்பட்டதை மீட்க வழியே கிடையாது; எல்லோருக்கும் கடவுச்சொல்லைப் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. கண்டிப்பு முறையையும் இயக்கினேன். தயவுசெய்து அதை யாரும் அணைக்காதீர்கள். அது இருந்திருந்தால் முதல் பதிவிலேயே பிழை காட்டியிருக்கும்.

அடுத்தது கைபேசி. அதன் விசைப்பலகை ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். பரிந்துரையைத் தொட்டால் பின்னால் ஓர் இடைவெளியும் சேரும். படகுக்காரர்கள் காத்து நிற்கும்போது ஊழியர் இதையெல்லாம் கவனிக்க முடியுமா? பயனர்பெயரில் மட்டும் இடைவெளியை நீக்கிச் சிற்றெழுத்தாக்குகிறேன். கடவுச்சொல்லில் கைவைக்கக் கூடாது.

பிழைச் செய்தி எப்போதும் ஒன்றுதான்: 'பயனர்பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.' எது தவறு என்று பிரித்துச் சொன்னால், யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதை வெளியாளுக்கு நாமே காட்டிக்கொடுத்துவிடுவோம்.